மடை வாயில் பச்சை

பாலக்காட்டுச் சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் மண் பரிசோதனைக் கூடத்தின் படிகள் செங்குத்தானவை. ஏறி வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். சண்டையோடு வருகிறவர்களுக்கு மட்டும் மூச்சு வாங்காது. அன்று வந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதைக் கவனித்த அனந்தநாராயணன், எதிர் நாற்காலியில் நீட்டியிருந்த காலை வருத்தத்தோடு கீழே இறக்கினார்.

அவர் கல்பாத்திக்காரர். உரப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேருக்குத்தான். யாருடைய பயிர் ஏன் கருகியது, யார் குளத்தில் யார் விட்ட மருந்தால் மீன் மிதந்தது என்ற வழக்குகளெல்லாம் அவரைத் தேடி வந்தன. அவரும் கண்டுபிடித்துக் கொடுத்தார். கண்டுபிடித்த பிறகு இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். இதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

பரிசோதனைக் கூடத்தின் சொந்தக்காரி டின்சிக்கு அந்த அலுப்பெல்லாம் இல்லை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மண்ணைப் படித்து, பாலக்காட்டுக்கு வந்து கடை போட்டவள். நாற்பதை நெருங்கியும், ஒரு வழக்கு வந்துவிட்டால் கண்காட்சிக்குக் கிளம்புகிறவள் மாதிரி ஆகிவிடுவாள். வந்த அம்மாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவளும் அவள்தான்.

"என்ற பேரு கருப்பாத்தாளுங்க. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால ஊரு" என்றாள் அந்த அம்மாள். உட்காரவில்லை. "இயற்கை விவசாயக் குழுவுல இருக்கறனுங்க. என்ற வயல்ல யூரியா போட்டுப்போட்டேன்னு சொல்லி என்னைய வெளிய தள்ளப் போறாங்க. நான் போடலீங்க. போடலைன்னு நீங்க வந்து சொல்லோணும்."

"போடலைன்னா போடலை. அதை நான் சொல்லணும்னா வயல் முதல்ல என்கிட்ட சொல்லணுமே" என்றார் அனந்தநாராயணன். "உக்காருங்கோ. ஆதியிலேர்ந்து சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். வயல் அவளுடையதல்ல, பூபதிராஜாவிடம் குத்தகைக்கு எடுத்தது. ரசாயனம் தொடாமல் விளைந்த நெல்லைக் குழு நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதால்தான் குத்தகை நெல்லை அளந்துவிட்டு வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் விளைச்சல் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. இந்தப் போகமும் இப்படியே இருந்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பூபதிராஜா போன அறுப்பிலேயே சொல்லிவிட்டார். இப்போது குழுவும் கைவிட்டால் நிலமும் போகும். புருஷன் போன பிறகு அவளுக்கு இருப்பது அந்த வயல் ஒன்றுதான்.

"வயல்ல என்ன கண்டாங்களாம்?" என்று டின்சி கேட்டாள்.

"பயிரு கருகருன்னு பச்சையா நிக்குதுங்க. போன வாரக் காத்துல அப்படியே சாஞ்சும் போச்சு. என்ற ஊட்டுல யூரியாச் சாக்கு ஒண்ணும் கெடந்துச்சு. நட்டப்பவே யூரியாவப் போட்டுட்டு மக ஊட்டுக்குப் போயிட்டேங்கறாங்க."

"மகள் எங்கே?" என்றார் அனந்தநாராயணன்.

"வண்டன்மேட்டுலீங்க. யோகப்பிரியா. ஏலக்கா ஸ்டோர்ல வேலை. பிரசவத்துக்குப் போயிருந்தனுங்க."

"எப்போ போனேள், எப்போ வந்தேள்? தேதி வேண்டாம். பயிர் எப்படி இருந்ததுன்னு சொல்லுங்கோ."

கருப்பாத்தாள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தூர் கட்டி முடிஞ்சு, ரெண்டாங் களை எடுத்துப்போட்டுத்தான் போனனுங்க. அப்பப் பயிரு வெளுத்துத்தான் இருந்துச்சு. திரும்பி வரப்பக் கதிரு வெளிய தலை நீட்டியிருந்துச்சு. பச்சையப் பாத்து எனக்கே பகீர்ன்னுச்சுங்க."

"யார் பண்ணியிருப்பான்னு நினைக்கறேள்?"

"நெனைக்கறதுக்கு என்னங்க இருக்குது? பூபதியண்ணன்தான். அவருக்கு நெலம் வேணும். நான் ஊர்ல இல்லாதப்பத் தண்ணி பாத்ததும் அவரு ஆளு காளிச்சாமிதான்."

அவள் இறங்கிப் போனதும் டின்சி கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். "சார், இது சின்ன வேலை. நிலத்துக்காரருதான் சார். பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம்."

"சின்ன வேலையின்னு நீ சொன்ன ஒண்ணாவது சின்னதா முடிஞ்சிருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே அவர் செருப்பைத் தேடினார்.

அன்றே, வெயில் ஏறுமுன் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்குக் காற்று பனைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தை மாதத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்தால் யாரையும் நிம்மதியாக நிற்க விடாது. அனந்தநாராயணன் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

குழுத் தலைவர் அர்த்தநாரி தம் வயல் வரப்பில் ஒரு நீல ட்ரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று, அப்பன் வைத்துப் போன நிலத்துக்குத் திரும்பி வந்தவர். குழுவைக் கூட்டியது அவர். யூரியாவைக் கைவிடச் சொல்லிக் கருப்பாத்தாளைக் குழுவில் சேர்த்ததும் அவரே. மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. மனிதர் இரண்டு நாளாகத் தூங்காதவர்போல இருந்தார்.

"வாங்க சார். அந்தம்மா கூப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டனுங்க" என்றவர், ட்ரம் கழுவிய தண்ணீரைத் தம் வயல் மடையில் கவிழ்த்தார். மடை என்பது வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழைகிற வாய். அந்த வாயை ஒட்டிப் பாய் அகலத்துக்குப் பயிர் பச்சையாக நின்றது; அங்கே சாணிக் குப்பை கிடந்தது என்று அவராகவே சொன்னார்.

"எதுக்கு மடையில ஊத்துறீங்க?" என்றாள் டின்சி.

"எங்க பழக்கமே இதானுங்க. சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் போட்டு ஊற வெச்ச கரைசல மடை வாயில ஊத்தி விட்டம்ன்னா தண்ணியே வயல் பூராக் கொண்டு போயிரும். குழுவுக்கு இருக்கறது இந்த ஒரு ட்ரம்முதான். ஒரு வயலுக்கு ஊத்திட்டு, அடுத்த வயல் மடையிலதான் கழுவுவோம். வாசத்தைக்கூட வீணாக்க மாட்டோமுங்க." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இந்தப் போகத்துல ஒரு வயலுக்கும் ஒரு தவணை தப்பலீங்க. நான் மில்லுல இருந்து வந்து மண்வெட்டி புடிச்ச நாளா எனக்குத் தெரிஞ்ச விவசாயம் இதுதான்."

"அந்த அம்மாவைத் தள்ளணும்னு முடிவு பண்ணியாச்சா?" என்று அனந்தநாராயணன் கேட்டார்.

"இன்னிக்குச் சாயந்தரம் குழு கூடுதுங்க. சட்டம் சட்டந்தானுங்களே." அர்த்தநாரி ட்ரம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

கருப்பாத்தாளின் வயல் பக்கத்திலேயே இருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் சாய்ந்து பின்னிக் கிடந்த பயிர்தான் தெரிந்தது. அனந்தநாராயணன் முனகிக்கொண்டே வாய்க்கால் கரை மேட்டில் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்ததும் முனகல் நின்றது.

வயலின் ஓரங்கள் பழுத்துப் பொன்னாக நின்றன. நடுவில் மட்டும் பச்சை. அந்தப் பச்சை, மடை வாயில் குறுகலாகத் தொடங்கி, உள்ளே போகப் போக விசிறிபோல விரிந்து மங்கியிருந்தது. சாய்ந்த பயிரும் அந்த விசிறிக்குள்தான்.

"டின்சி, அந்தப் பச்சையில நாலு குத்து, பொன்னில நாலு குத்து பிடுங்கிண்டு வா. ஒரு குத்தில எத்தனை தண்டு வெடிச்சிருக்குன்னு தூரை எண்ணு. தண்டைப் பிளந்து பாரு."

டின்சி சேற்றில் இறங்கினாள். அவளுடைய வேலையில் அவளுக்கு நிகர் அவள்தான். ஒவ்வொரு குத்தையும் கழுவி, பிரித்து, எண்ணி, பிளேடால் தண்டைக் கீறிப் பார்த்தாள். இலையின் நிறத்தைப் பச்சை வரிகள் அச்சடித்த அட்டையோடு ஒட்டிப் பார்த்தாள். பிறகு கதிர்களை உருவி, உமியை நீக்கி, அரிசியைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சார், தூர் ரெண்டுலயும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா பச்சையில அடிக்கணு, கணுவுக்குக் கணு ரொம்ப நீளம். மேல் இலை அகலம். அரிசியப் பாருங்க. பொன்னுல விளைஞ்சதுல வயித்துல வெள்ளை விழுந்திருக்கு. பச்சையில விளைஞ்சது கண்ணாடி மாதிரி இருக்கு."

அவர் இரண்டு அரிசியையும் கடித்துப் பார்த்தார். ஒன்று பொடிந்தது; ஒன்று பல்லை எதிர்த்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

பூபதிராஜாவின் வயல் வாய்க்காலுக்கு அக்கரையில். குட்டை ரகம், கம்பளம் விரித்ததுபோல ஒரே சீராக விளைந்திருந்தது. அவரும் அங்கேயேதான் இருந்தார். எழுபது வயதிருக்கும். யாரோடும் ஒத்துப்போகாத கட்டைக் குரல்.

"என்னையக் கேக்கத்தான வந்தீங்க? கேளுங்க" என்றார். "நெலம் எனக்கு வேணும். பதராப் பயிர் பண்ற கைக்கு எதுக்கு என்ற நெலம்? அதை அந்தம்மிணி மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். மறைஞ்சு நின்னு செய்யற பழக்கம் எனக்கில்ல."

"நீங்க யூரியா எப்படிப் போடுவேள்?"

"எப்படிப் போடறதா?" அவர் சிரித்தார். "மொதல்ல தண்ணிய வடிக்கோணும். யூரியாவ வேப்பம்புண்ணாக்குல பெரட்டி வெச்சிருக்கோணும். மடையக் கட்டிப்போட்டு, கையில அள்ளி வீசோணும். அப்பறம் ரெண்டு நாளு கழிச்சுத் தண்ணி. ஓடற தண்ணியில போட்டா யாருக்குப் போடறது? அடுத்தவன் வயலுக்கா, பாரதப்புழை ஆத்துக்கா? எங்கூட்டுல பொறந்த நண்டு சிண்டுக்குக்கூட இது தெரியும்."

தண்ணீர் பார்க்கும் காளிச்சாமி மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றான். கேட்டதற்கு, "தண்ணி தொறந்து விட்டதோட என்ற சோலி முடிஞ்சுதுங்க. கரைசல் ஊத்தறதுக்கு நான் போறதில்ல, எனக்கு அந்த நாத்தம் ஆகாது. குழுக்காரங்களே ஊத்திக்குவாங்க" என்றான்.

திரும்பும் வழியில் கருப்பாத்தாளின் வீட்டில், குழு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்த அந்தச் சாக்கையும் பார்த்தார்கள். அச்செழுத்து முக்கால்வாசி அழிந்து, ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் திணித்துத் தைத்திருந்தது. தலை படுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு.

"சார், இது கொங்காடை" என்றாள் டின்சி. "மழைக்குத் தலையில மாட்டிக்கிடுறது. எங்க தோட்டத்துல கொழுந்து பறிக்கையில நாங்களும் இப்படித்தான் மாட்டுவோம். இதப் போயா சாட்சின்னு எடுத்து வச்சாங்க?"

"சாட்சி வேணும்னு தேடறவா கண்ணுக்கு எல்லாம் சாட்சிதான். டின்சி, இன்னும் ஒரு வேலை இருக்கு. குழுவில இருக்கற எல்லா வயலோட மடை வாயையும் பாத்துண்டு வா. பச்சை இருக்கான்னு மட்டும் பாத்தாப் போரும்."

"அர்த்தநாரி சாரு வயல் மடையில பாய் அகலத்துக்குப் பச்சை இருந்துச்சு. அங்க சாணிக் குப்பை கிடந்துச்சுன்னு அவரே சொன்னாரே?"

"சொன்னார். மத்த வயலையும் பாத்துட்டு வா."

அவள் வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தாள். அனந்தநாராயணன் டீக்கடை பெஞ்சில் காத்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அவருக்கு விடை தெரிந்துவிட்டது. அவள் வந்து தப்பு என்று சொன்னால் தேவலை என்று இருந்தது. பூபதிராஜா செய்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! கெட்ட பேர் ஏற்கெனவே எடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம் சேரும்; யாருக்கும் மனசு உடையாது. இந்த வயதில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் இப்படியொரு சௌகரியமான அயோக்கியனுக்குத்தான். ஆனால் அப்படி ஒருவன் அவர் கையில் அகப்படுவதே இல்லை.

டின்சி வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் காலையிலிருந்த உற்சாகம் இல்லை. "எல்லா மடையும் பழுத்துத்தான் சார் கிடக்கு. அந்த ஒண்ணுல மட்டுந்தான் பச்சை." குனிந்து கால் சேற்றை வழித்துக்கொண்டே, "அவரா சார்? நல்ல மனுஷனால்ல தெரியுதாரு?" என்றாள்.

"நல்ல மனுஷன்தான். அதாக்கும் கஷ்டம்."

சாயந்தரம் குழுவின் நெல் குடோனில் எல்லாரும் கூடினார்கள். காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கருப்பாத்தாள் கதவோரம் நின்றாள். கூப்பிடாமலே வந்த பூபதிராஜா ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். மேஜைக்குப் பின்னால் அர்த்தநாரி. அனந்தநாராயணன் நின்றபடி பேச முயன்றார். முழங்கால் ஒத்துழைக்காததால் உட்கார்ந்தே பேசினார்.

"வயல்ல யூரியா விழுந்தது நிஜம். அதில சந்தேகம் வேண்டாம்" என்று தொடங்கினார். கருப்பாத்தாள் முகம் வெளுத்தது. "எப்போ விழுந்ததுங்கறதுதான் முதல் கேள்வி. டின்சி, நீ சொல்லு."

டின்சி இரண்டு நெற்குத்துகளை மேஜைமேல் வைத்தாள். "நட்டதும் யூரியா போட்டிருந்தா தூர் நிறைய வெடிச்சிருக்கும். இங்க பச்சையிலயும் பொன்னுலயும் தூர் ஒண்ணு போலத்தான் இருக்கு. அப்போ, தூர் கட்டி முடிஞ்ச பிறகுதான் யூரியா வந்திருக்கு. ஆனா அடிக்கணு நீண்டிருக்கு. தண்டுக்குள்ள கதிர் உருவாகிற சமயத்துல தழைச்சத்து கிடைச்சாத்தான் அந்தக் கணு இப்படி நீளும். நீண்ட தண்டு காத்துக்கு நிக்காது, சாஞ்சிரும். கடைசியா வந்த சத்து மணிக்கும் போயிருக்கு. புரதம் கூடி அரிசி கண்ணாடியா இறுகியிருக்கு. சத்துப் பத்தாத பக்கத்துல வெள்ளை வயிறு விழுந்திருக்கு."

"கதிர் உருவான சமயத்தில இந்த அம்மா வண்டன்மேட்டில பேத்தியைத் தாலாட்டிண்டு இருந்தார்" என்றார் அனந்தநாராயணன். "நட்டபோதே போட்டுட்டுப் போனார்னு சொன்னது தப்பு. அந்தச் சாக்கும் மழைக்குத் தலையில போடற கொங்காடை. அவர் போடலை."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கருப்பாத்தாள் கதவை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். "அப்ப அவருதான?" என்று பூபதிராஜாவைக் கை காட்டினாள்.

"அவரும் இல்லை. யூரியா போட்டுப் பழகினவன் தண்ணியை வடிச்சுட்டு, மடையைக் கட்டிட்டுக் கையால வீசுவான். வீசினா வயல் பூரா ஒரே பச்சையா இருக்கும். இங்கே பச்சை மடை வாயில ஆரம்பிச்சு விசிறியா விரியறது. யாரோ யூரியாவைக் கரைச்சு, ஓடற தண்ணியில ஊத்தியிருக்கா. ஆயுசு பூரா யூரியா போட்டவனுக்கு அந்த யோசனையே வராது. உரம்னா மடையில ஊத்தறதுன்னு பழகின கைதான் அதைச் செய்யும்."

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் பூபதிராஜாவையும் காளிச்சாமியையும் தவிர மற்ற எல்லாக் கையும் அந்தப் பழக்கமுள்ள கைதான்.

"குழுவுக்கு ட்ரம் ஒண்ணுதான். ஒரு வயலுக்கு ஊத்தினப்புறம் அடுத்த வயல் மடையிலதான் கழுவுவேள். எல்லா மடையையும் டின்சி பாத்தாச்சு. ஒரே ஒரு மடையில மட்டும் பாய் அகலத்துக்குப் பச்சை இருக்கு. அந்த வயல்காரர்தான் காலம்பற எங்கிட்ட, ஒரு வயலுக்கும் தவணை தப்பலைன்னார். இந்த அம்மா ஊர்ல இல்லை. காளிச்சாமி ட்ரம்மைத் தொடறதில்லை. அப்போ இந்த அம்மா வயலுக்குத் தவணை ஊத்தினது யார்?"

அவர் அர்த்தநாரியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அர்த்தநாரி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான்தானுங்க" என்றார். "பொள்ளாச்சிப் பக்கம் போய் வாங்கிட்டு வந்தேன். பயிரு வெளுத்துக் கெடந்துச்சு. இந்தப் போகமும் பதராப் போனா நெலத்தப் புடுங்கிருவாங்க. யூரியாவ விடச் சொல்லி அந்தம்மாளக் கொண்டாந்து இதுல சேத்து விட்டதே நான். அவங்க வயல் எளைக்க எளைக்க எனக்குத் தூக்கம் போச்சுங்க. ஒரே ஒரு தடவை, கொஞ்சமாக் கலந்து விட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சுட்டேன். எவ்வளவு போடோணும்ன்னு எனக்குத் தெரியலீங்க. இப்படிச் சாயும்ன்னு நெனைக்கலீங்க."

"அதச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

"சொல்லோணும்ன்னுதான் இருந்தேன். சாக்கைக் கொண்டாந்து இந்த மேஜை மேல போட்டாங்க. தலைவரே இப்படிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா குழுவே கலைஞ்சிரும்ன்னு..." அவர் உட்கார்ந்துவிட்டார்.

அனந்தநாராயணனுக்கு அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாக இருந்தது; கோபமாகவும் இருந்தது. நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்ட பிறகு வாயை மூடிக்கொள்கிற அந்த ஒரு இடத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்.

கருப்பாத்தாள் மேஜையருகே வந்தாள். அழவில்லை.

"ஏனுங்க அண்ணா, ஊரே கூடி என்னையக் கள்ளின்னு சொன்னப்ப, நீங்க இதே நாற்காலியிலதான உக்காந்திருந்தீங்க?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"பயிரு வெளுத்திருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கலாம். நெலம் போனாப் போகுதுன்னு நான் கூலிக்குப் போயிருப்பேன். எனக்கு இருந்தது வயலு ஒண்ணு, பேரு ஒண்ணு. வயலக் காப்பாத்தறேன்னு பேரக் கொண்டு போய்ச் சேத்துல போட்டுட்டீங்களே."

குழுவில் மூத்தவரான மருதாத்தாள் எழுந்து, கருப்பாத்தாள்மேல் குற்றமில்லை, அவள் எப்போதும்போலக் குழுவிலேயே இருக்கட்டும், இந்த நெல்லையும் மற்றதோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். டின்சிக்கு முகம் மலர்ந்தது. அனந்தநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி ஒரு நல்ல எண்ணமா என்று இருந்தது அவருக்கு.

"வேண்டாமுங்க" என்றாள் கருப்பாத்தாள். "யூரியா விழுந்தது நெசம். யாரு போட்டா என்ன? வாங்கறவங்களுக்கு நாம என்ன சொல்லி விக்கறோம்? சட்டப்படி அந்த வயலு யூரியா படாம மூணு வருசம் வெளியதான் இருக்கோணும். இருக்கட்டும். நான் போடலைன்னு மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கங்க. அது போதும்." பிறகு அர்த்தநாரியைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க இனிமே என்ற வரப்புல கால் வெக்கப்படாது. நல்லது செய்யறதுக்குங்கூட."

அவள் வெளியே போனாள். பூபதிராஜா மூட்டையிலிருந்து எழுந்து, கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கருப்பாத்தாள் கை காட்டியபோது எல்லாரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டாமல் அவள் பின்னாலேயே நடந்தார். அனந்தநாராயணனும் டின்சியும் காரை நோக்கிப் போகும்போது அவர்கள் இருவரும் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். பூபதிராஜா அந்தப் பச்சையில் விளைந்த நெல்லை உரித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மணி நல்லாத்தான் இறுகியிருக்குது" என்றார். "அறுத்துக் கட்டினா என்ற குத்தகை தேறும். நெலத்த வெச்சுக்க. ஆனா அடுத்த போகத்துல இருந்து ஒழுங்கா யூரியா போட்டுப் பயிர் பண்ணு. எப்படிப் போடறதுன்னு நான் காட்டறேன்."

"போட மாட்டனுங்க."

"உன்ற வயலுதான் மூணு வருசம் குழுவுக்கு வெளியன்னு ஆயிருச்சே. யாருக்காவ இந்த வீம்பு?"

"யாருக்காவயும் இல்லீங்க. மூணு வருசம் கழிச்சு நானே திரும்பப் போகோணும்."

பூபதிராஜா வாயிலிருந்த உமியைத் துப்பினார். காற்று அதை அவர் வேட்டியிலேயே திருப்பிப் போட்டது.

"குத்தகையில ஒரு படி கொறைக்க மாட்டேன், பாத்துக்க."

"நான் கேக்கவே இல்லீங்களே" என்றாள் கருப்பாத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, சாய்ந்து கிடந்த பயிரை நாலு நாலு குத்தாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டத் தொடங்கினாள்.